லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் மென்பொருள் நிறுவுவது எப்படி?

விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் எடுத்ததும் உலாவியைத் திறந்து, மென்பொருளின் தளத்தில் டவுன்லோட் பொத்தானைத் தேடுவார்கள். லினக்ஸில் அது கடைசி வழி. ஒவ்வொரு வழங்கலும் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) தனக்கேற்ற மென்பொருள்களைத் தொகுத்து, கையொப்பமிட்டு, ஒரு களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. அங்கிருந்து எடுத்தால் மென்பொருள் இயங்கத் தேவையான துணை நூலகங்கள் (பொது நிரல் தொகுப்புகள்) தாமாகவே கூட வரும். பின்னால் கணினியைப் புதுப்பிக்கும்போது அந்த மென்பொருளும் சேர்ந்து புதுப்பிக்கப்படும்.

எடுத்துக்காட்டுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கீழே சொல்லும் எல்லா இயங்குதளங்களிலும் அதன் பொதிக்கு (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த தொகுப்புக்கு) இதே பெயர்தான். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டு அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறோம்.

முதலில்: உங்களுடையது எந்தக் குடும்பம்?

கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ்

இதை அடித்தால் வரும் வரிகளில் 'ஐடி', 'ஐடி_லைக்' இரண்டையும் பாருங்கள். லினக்ஸ் மின்ட்டில் 'ஐடி_லைக்' வரியில் உபுண்டு, டெபியன் என்று இருக்கும். அப்படியென்றால் டெபியனுக்கான வழிமுறை உங்களுக்கும் பொருந்தும்.

அடுத்து 'யுநேம் -எம்' என்று அடியுங்கள். எக்ஸ்86_64 என்று வந்தால் வழக்கமான இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி. ஏஆர்ச்64 என்று வந்தால் ஆர்ம் சில்லு. பின்னால் தளத்திலிருந்து கோப்பை இறக்க நேரும்போது அதன் பெயரில் 'ஏஎம்டி64' என்று இருப்பதைப் பார்த்து, நம்முடையது இன்டெல் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். இரண்டுக்கும் அதே கோப்புதான்.

டெபியன், உபுண்டு, மின்ட்

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் இங்க்ஸ்கேப்

சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது) என்பதை எஸ்-யு-டி-ஓ என்றும், ஆப்ட் என்பதை ஏ-பி-டி என்றும் அடிக்க வேண்டும். முதல் வரி களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கிறது, எதையும் நிறுவுவதில்லை. கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது, மின்ட் போன்ற சிலவற்றில் நட்சத்திரக் குறிகள் வரும், மற்றவற்றில் பெரும்பாலும் புள்ளிகூட வராது. விசைப்பலகை பழுதில்லை, அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

பிறகு என்னென்ன நிறுவப்படும் என்ற பட்டியல் வரும். கீழே 'ஒய்' பெரிய எழுத்திலும் 'என்' சிறிய எழுத்திலும் ஒரு கேள்வி நிற்கும். பெரிய எழுத்தில் இருப்பதுதான் இயல்பான பதில், வெறும் என்டர் தட்டினால் 'ஆம்' என்று பொருள். தட்டுமுன் பட்டியலைப் படியுங்கள். 'ரிமூவ்ட்' அல்லது (புதிய பதிப்புகளில்) 'ரிமூவிங்' என்ற தலைப்பில் உங்கள் டெஸ்க்டாப் சார்ந்த பெயர்கள் இருந்தால் 'என்' அடித்து வெளியே வந்துவிடுங்கள். 2021இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவும்போது, பொதிகளின் பதிப்பு பொருந்தாமல் போய் டெஸ்க்டாப்பையே நீக்கவா என்று ஆப்ட் கேட்டது. எச்சரிக்கையைப் படிக்காமல் சம்மதித்தவருக்கு மிஞ்சியது கறுப்புத் திரைதான்.

இனி, அடிக்கடி வரும் பிழைகள்.

'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்': பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், அல்லது முதல் வரியை ஓட்டாமல் விட்டிருக்கலாம். அந்த முதல் வரியே 404 பிழை காட்டினால், உங்கள் உபுண்டு பதிப்பின் ஆயுள் முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) அல்லாத பதிப்புகளுக்கு 9 மாதம்தான் ஆதரவு. மென்பொருளை விட்டுவிட்டு முதலில் இயங்குதளத்தை மேம்படுத்துங்கள்.

'குட் நாட் கெட் லாக்': பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் பொறுங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பொதித் தரவுத்தளம் பாதியில் சிதைந்துபோகலாம்.

'நாட் இன் த சூடோயர்ஸ் ஃபைல்': டெபியனை நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்திருந்தால் இது வரும், ஏனென்றால் அப்போது உங்கள் கணக்கு சூடோ குழுவில் சேர்க்கப்படுவதில்லை. 'சு -' என்று அடித்து ரூட்டாக மாறி, 'யூசர்மாட் -ஏஜி சூடோ' என்பதன் பின் உங்கள் பயனர்பெயரைக் கொடுங்கள். இதில் 'ஏ' சிறியது, 'ஜி' பெரியது. 'சு'வுக்குப் பின்னால் வரும் சிறுகோட்டை விட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றுதான் பதில் வரும். முடித்ததும் லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: உபுண்டு 22.04 முதல் ஆப்ட் வழியாக ஃபயர்பாக்ஸைக் கேட்டாலும் உபுண்டுவின் சொந்தப் பொதி முறையான ஸ்னாப்தான் வந்து சேரும். மின்ட்டில் ஸ்னாப் முன்கூட்டியே தடுக்கப்பட்டிருக்கிறது.

ஃபெடோரா, ஓப்பன்சூசே

சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் இங்க்ஸ்கேப்

பட்டியலைத் தனியாகப் புதுப்பிக்கத் தேவையில்லை, டிஎன்எஃப்பே பார்த்துக்கொள்ளும். இங்கே கேள்வியில் பெரிய எழுத்து 'என்'. உபுண்டு பழக்கத்தில் வெறும் என்டர் தட்டினால் நிறுவல் நின்றுவிடும், 'ஒய்' அடித்தாக வேண்டும். காப்புரிமைச் சிக்கலால் சில வீடியோ கோடெக்குகள் (வீடியோவை இயக்க உதவும் நிரல்கள்) ஃபெடோராவின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்காது. அதற்கு ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓப்பன்சூசேயில் டிஎன்எஃப்புக்குப் பதில் ஸிப்பர் (இஸட்-ஒய்-பி-பி-இ-ஆர்), கட்டளையின் மற்ற பகுதி அதேதான், ஆனால் அங்கே வெறும் என்டர் தட்டினால் 'ஆம்' என்று பொருள்.

ஆர்ச்

சூடோ பேக்மேன் -எஸ்ஒய்யு இங்க்ஸ்கேப்

சிறுகோட்டுக்குப் பின் 'எஸ்' பெரியது, 'ஒய்', 'யு' சிறியவை. 'யு'வை விட்டுவிட்டு 'எஸ்ஒய்' மட்டும் அடிப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. புதிய பட்டியலைப் பார்த்து ஒரு மென்பொருளும் அதன் நூலகமும் மட்டும் புதிதாக வந்து உட்காரும். பழைய நூலகத்தை நம்பியிருந்த மற்ற மென்பொருள்கள் திறக்காமல் போகும். பகுதிப் புதுப்பிப்பை ஆர்ச் ஆதரிப்பதே இல்லை.

ஏயுஆர் என்பது பயனர்களே பதிவேற்றும் இடம், ஆர்ச்சின் அதிகாரபூர்வக் களஞ்சியம் அன்று. 2018இலும் 2025இலும் அங்கே தீங்குநிரல் புகுந்த பொதிகள் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன. பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் 'பிகேஜிபில்ட்' கோப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஃப்ரீபிஎஸ்டி

இது லினக்ஸ் அன்று, யூனிக்ஸ் வழிவந்த தனி இயங்குதளம். சூடோ அடிப்படை நிறுவலில் வராது, எனவே 'சு' கொடுத்து ரூட்டாக மாறி:

பிகேஜி இன்ஸ்டால் இங்க்ஸ்கேப்

முதல் தடவை பிகேஜி கருவியையே நிறுவட்டுமா என்று கேட்கும், 'ஒய்' அடியுங்கள். 'சு' கொடுத்ததும் 'சாரி' என்று வந்தால் உங்கள் கணக்கு, ரூட்டாக மாற அனுமதி உள்ள வீல் குழுவில் இல்லை. நேரடியாக ரூட்டாக லாகின் செய்து 'பிடபிள்யூ குரூப்மாட் வீல் -எம்' என்பதன் பின் பயனர்பெயரைக் கொடுங்கள். லினக்ஸுக்கான டெப், ஆப்இமேஜ் கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு இங்கே சொடுக்கிப் பயனில்லை. கீழே வரும் ஃப்ளாட்பேக்கும் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் கருவை) நம்பியது.

களஞ்சியத்தில் இல்லையா, பதிப்பு பழையதா?

அப்போது ஃப்ளாட்பேக் (எஃப்-எல்-ஏ-டி-பி-ஏ-கே), பல லினக்ஸ் வழங்கல்களுக்கும் பொதுவான பொதி முறை. மின்ட்டிலும் ஃபெடோராவிலும் கூடவே வரும், உபுண்டுவில் ஆப்ட் வழியாக நிறுவிக்கொள்ளலாம். அதன் களஞ்சியமான ஃப்ளாட்ஹப் தளத்தின் செட்அப் பக்கத்தில் உங்கள் வழங்கலைத் தேர்ந்தெடுத்தால் களஞ்சியத்தைச் சேர்க்கும் கட்டளை இருக்கும், நகலெடுத்து ஒட்டுங்கள். பெரும்பாலான டெர்மினல்களில் ஒட்டுவதற்குக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி, வெறும் கண்ட்ரோல்+வி பலிக்காது. பிறகு:

ஃப்ளாட்பேக் இன்ஸ்டால் ஃப்ளாட்ஹப் இங்க்ஸ்கேப்

முதல் மென்பொருளுக்கு ரன்டைமும் (பொது நூலகத் தொகுப்பு) சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். அடுத்தவை அதையே பகிர்ந்துகொண்டால் அவ்வளவு ஆகாது. நிறுவியும் மெனுவில் காணோமென்றால் ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். பென்டிரைவில் இருக்கும் கோப்பு அதற்குள் தெரியாவிட்டால், காரணம் மென்பொருளைத் தனிமைப்படுத்தும் ஃப்ளாட்பேக்கின் வேலி. ஃப்ளாட்சீல் என்ற கருவியில் அந்த மென்பொருளுக்குக் கோப்பு அனுமதி கொடுக்கலாம்.

அதுவும் இல்லையென்றால்தான் தளத்திலிருந்து கோப்பு. டெப் (டெபியன் குடும்பத்துக்கான பொதி) கோப்பு இறங்கிய கோப்புறையில் டெர்மினலைத் திறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' அடித்து, கோப்புப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேருங்கள். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அந்தப் பெயரைக் களஞ்சியத்தில் தேடப் போய்விடும்.

ஆப்இமேஜ் கோப்பை நிறுவ வேண்டியதில்லை. வலது சொடுக்கி, பண்புகளில் இயக்க அனுமதியைக் கொடுத்து இரட்டைச் சொடுக்கு போட்டால் போதும். 'லிப்ஃபியூஸ்' என்ற பெயரோடு பிழை வந்தால் உபுண்டு 22.04இல் லிப்ஃபியூஸ்2, 24.04இல் லிப்ஃபியூஸ்2டி64 என்ற பொதியை நிறுவுங்கள். அனுமதியைக் கொடுத்தும் நிலைக்கவில்லை என்றால் கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபேட், எக்ஸ்ஃபேட் வகைப் பென்டிரைவில் கோப்புக்குக் கோப்பு இயக்க அனுமதியைப் பதிய இடமே கிடையாது, ஹோம் கோப்புறைக்கு நகர்த்துங்கள்.

நீக்குவது

ஆப்ட், டிஎன்எஃப், ஸிப்பரில் 'ரிமூவ்', பிகேஜியில் 'டெலீட்', ஃப்ளாட்பேக்கில் 'அன்இன்ஸ்டால்', பேக்மேனில் சிறுகோட்டுக்குப் பின் பெரிய 'ஆர்', சிறிய 'எஸ்'. ஆப்இமேஜ் என்றால் கோப்பை அழித்தால் சரி. எந்த வழியில் நீக்கினாலும் உங்கள் சொந்த அமைப்புகள் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் '.கான்ஃபிக்' போன்ற இடங்களில் அப்படியே இருக்கும். கோளாறு செய்யும் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியும் அதே கோளாறு வந்தால், அங்கே அதன் பெயரில் இருக்கும் கோப்புறையை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். ஃப்ளாட்பேக் என்றால் அந்த அமைப்புகள் '.வார்/ஆப்' என்ற கோப்புறைக்குள் இருக்கும்.