கனவில் கேட்ட மெட்டைக் கைநழுவ விடாமல் இருப்பது எப்படி

பின்னிரவில் கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு விழிப்பவர்கள் சிலருக்கு, கனவில் கண்டவற்றோடு ஒரு மெட்டும் காதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பயமும் மெட்டும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒருங்கே உதறிவிட்டுத் திரும்பிப் படுக்கத்தான் மனம் சொல்லும். பயம் சற்று நேரத்தில் தானே தணிந்துவிடும். மெட்டோ சில நிமிடங்களில் கரைந்துபோய், மறுநாள் தலைகீழாக நின்றாலும் திரும்பாது. ஆகவே முதலில் மெட்டைக் கவனித்துவிட்டுப் பிறகு பயத்தைக் கவனிப்பதே சரியான வரிசை.

கண் விழித்ததும் புரளாமல், விளக்கைப் போடாமல், அந்த மெட்டு உண்மையிலேயே மனத்துக்குள்தான் ஒலிக்கிறதா என்று சில நொடிகள் காது கொடுத்துக் கேளுங்கள். வெளிச்சத்தத்தைக் கனவுக்குள் இழுத்துக்கொள்வது உறங்கும் மூளைக்குப் பழக்கமான வேலை. மார்கழி மாதத்துக் கடலூரில் விடியுமுன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிடும். பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி வரும். துறைமுகப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் படகு இயந்திரத்தின் சத்தமும் கேட்கும். இவற்றில் ஒன்றுதான் கனவில் வேறு வேடம் போட்டு வந்தது என்று தெரிந்தால், அத்துடன் நிம்மதியாக உறங்கப் போகலாம்.

வெளியில் எதுவும் இல்லையென்றால், கைப்பேசியில் குரல்பதிவுச் செயலியைத் திறந்து, வாயருகே வைத்து முனகுங்கள். அந்தச் செயலியை முன்கூட்டியே முகப்புத் திரையில் எடுத்து வைத்திருப்பது நல்லது. ஏனெனில் அதைத் தேடும் வழியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி கண்ணில் பட்டால் மெட்டு போயிற்று என்றே வைத்துக்கொள்ளலாம். கனவில் கேட்ட சொற்களை நினைவுகூர முயன்று நேரத்தைக் கழிக்காமல், ‘ன ன ன’ என்றோ வாயை மூடியபடியோ பாடினால் போதும். முதல்முறை வந்தபடியே பாடுங்கள். இரண்டாம் முறை, எந்த இடத்தில் நீள்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரியும்படி தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பாடுங்கள். அதன்பின் மனத்தைப் பிசைந்த அந்த ஒரு பிடியை, அதாவது மெட்டின் அந்தச் சிறு பகுதியை மட்டும் தனியாகப் பாடிவிட்டு, அது பெண்குரலா, நாகஸ்வரமா, தூரத்தில் ஒலித்ததா என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சுருதி விலகுவதுபோலத் தோன்றினாலும் திருத்தக் கூடாது. திருத்தத் தொடங்கிய உடனே, ஏற்கெனவே நமக்குத் தெரிந்த பாட்டு ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பதிவைக் கேட்டதும் ‘இதற்கா இப்படி உருகினோம்’ என்று ஏமாற்றம் வருவது இயல்புதான். இத்தாலிய வயலின் கலைஞர் தார்த்தீனி, 1713-இல் சாத்தான் வயலின் வாசிப்பதாகக் கனவு கண்டு, விழித்ததும் அதை எழுத முயன்றதாகவும், எழுதியது கேட்டதன் அருகில்கூட வரவில்லை என்றும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த மேதைக்கே அப்படியென்றால் நமக்கு வருத்தம் எதற்கு?

இனிப் பயம். எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கொஞ்சம் தண்ணீர் குடித்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் திருநீறு பூசிவிட்டால் மறுக்காமல் பூசிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி மருந்து. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற பேச்சை நினைத்துக் கலங்க வேண்டாம்: கனவு மிகுந்த உறக்கநிலை பின்னிரவில்தான் நீளுகிறது, அந்நேரத்தில் விழிப்பதால்தான் அக்கனவு நினைவில் தங்குகிறது. மெட்டு சுற்றிச் சுற்றி வந்து உறங்க விடவில்லையென்றால், பாதியில் விடாமல் அதை ஒருமுறை முடிவுவரை பாடிப் பாருங்கள். சூயிங்கம் மெல்லுவது இத்தகைய ஒட்டுப்பாட்டைக் குறைக்கிறது என்று 2015-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்நேரத்தில் சூயிங்கத்துக்கு எங்கே போவது என்பவர்கள் சோம்பை மென்று பார்க்கலாம்.

ஒரே கனவு திரும்பத் திரும்ப வருமானால், பகலில் அதன் முடிவை உங்கள் விருப்பப்படி மாற்றி எழுதி, அந்தப் புதிய கனவை நாள்தோறும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மனநல மருத்துவர்களும் கையாளும் முறை இது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் கெட்ட கனவுகள் வரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. நன்றாக விழித்திருக்கும்போதும் பாட்டு வெளியிலிருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தால், குறிப்பாக வயதானவர்கள், முதலில் செவித்திறனைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உறக்கமே கெட்டுப்போகிறவர்கள் புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம், அல்லது 14416 என்ற அரசு உதவி எண்ணில் பேசலாம்.

மறுநாள் பகலில் பதிவைப் போட்டு, சுருதிச் செயலியை வைத்து மெட்டின் ஸட்ஜத்தை, அதாவது ஆதார சுரமான ‘ஸ’வைக் கண்டுபிடித்த பிறகு சுரம் எழுதுங்கள். எடுத்த எடுப்பில் கீபோர்டில் தேடினால், இரண்டு சுரங்களுக்கு இடையில் வழுக்கிப் போகும் கமகமெல்லாம் கட்டைகளில் அடிபட்டுப் போகும். கிடைத்தது ஆகிரி ராகமாக இருந்தால், அதைக் காலையில் பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று பயமுறுத்த யாராவது வருவார்கள், சாப்பிட்டுவிட்டுப் பாடுங்கள்.

மெட்டு ஏற்கெனவே உள்ளதுதானா என்று பார்க்க, கூகுள் செயலியில் முனகித் தேடும் வசதி 2020 முதல் இருக்கிறது. திரைப்பாடல் என்றால் அது பெரும்பாலும் பிடித்துக் கொடுத்துவிடும். நம் ஊர்ப் பழைய மெட்டுகளுக்கு ஆட்களைத்தான் கேட்க வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது, தாயின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்த பிள்ளைகளின் காதில் முகவீணையும் ஆர்மோனியமும் ஏறியிருக்கும். எழவு வீட்டு ஒப்பாரியும் அப்படித்தான். கூத்துப் பாடும் ஒருவரிடம் பதிவைப் போட்டுக் காட்டினால், எந்தக் கட்டத்துக்குப் பாடுவது என்று அவர் சொல்லிவிடக்கூடும். அவருக்கும் தெரியவில்லை, வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியவில்லை என்றால், சுரத்தின் மேல் தேதியையும் உங்கள் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.