தளப் பொறுப்பாளர்கள் மனநிறைவோடு பணியாற்ற: திட்ட முகாமையாளர்களுக்கான வழிகாட்டி

நிலாவெளியில் விடுதி கட்டினாலும் மூதூரில் பாடசாலைக் கட்டடம் எழுப்பினாலும், தளப் பொறியியலாளரோ தொழில்நுட்ப உத்தியோகத்தரோ இடைநடுவில் விலகினால், வரைபடத்தில் இல்லாத எத்தனையோ விபரங்கள் அவரோடு போய்விடும். ஆகவே, வேலைத்திட்டம் வரையும்போதே அவர்களது மனநிறைவையும் கருத்திற் கொள்ளுங்கள்.

முதலாவது சம்பளத் திகதி. கட்டட உரிமையாளரிடமிருந்து பில் பணம் பிந்தினாலும் சம்பளம் பிந்தக் கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 சதவீதமும் மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டப்பட வேண்டும். 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தளங்கள் முடங்கியதைக் கண்டவர்களுக்கு இது மிகப் பெரிய ஆறுதல்.

ஆனால், சம்பளம் மனக்குறையைத் தடுக்குமேயன்றி ஊக்கத்தைப் பிறப்பிக்காது. அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்ட உளவியலாளர் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க், 1959இல் வெளியிட்ட முடிவும் இதுவே: நிறைவைத் தருபவை சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவை.

பொறுப்பைப் பேச்சளவில் கொடுப்பதில் பயனில்லை. சிலாப் கொங்கிரீட் போடும் நாளில், 30 சென்ரிமீற்றர் உயரக் கூம்பில் மூன்று படையாகக் கலவையை நிரப்பி, ஒவ்வொரு படையையும் 25 தடவை கோலால் குத்தி, கூம்பைத் தூக்கிக் கலவையின் இளக்கத்தைச் சோதிக்கும் உத்தியோகத்தர், கலவை அளவுக்கு மீறிச் சரிந்ததால் அதைக் கொண்டுவந்த லொறியைத் திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தகாரர் உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்க, நீங்கள் "பரவாயில்லை, போடுங்கள்" என்றால், அடுத்த முறை அந்த உத்தியோகத்தர் கூம்பைத் தொடுவதே சடங்காகிவிடும். நிராகரிக்கும் அதிகாரத்தை நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்; அதைப் பயன்படுத்தியவரை மேசன் பாஸ்மாருக்கு முன்னால் ஆதரித்துப் பேசுங்கள். தவறு இருந்தால் தனியே சொல்லுங்கள்.

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரியில் மண்வேலை தடைப்படும். மழையால் போன நாட்களை அன்றன்றே தளக் குறிப்பேட்டில் பதியச் செய்து, கால நீடிப்பைக் கோருவது உங்கள் கடமை; அந்தத் தாமதத்தை இளைய பொறியியலாளரின் தலையில் சுமத்துவது அநியாயம். பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கு ஆயத்தமாகுபவருக்கு, அவர் செய்த வேலைகளை உறுதிப்படுத்தும் கடிதங்களை இந்தக் காலத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.