கன மீட்டரை லிட்டராக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன அளவுக் கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருபவை. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பது மனத்தில் ஊறிவிட்டதால், ஒரு கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர்தான் என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆனால் ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில், ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களை நீளவாக்கில் 100, அகலவாக்கில் 100, உயரவாக்கில் 100 என அடுக்கலாம் என்பதால், அதற்குள் மொத்தம் 10,00,000 கன சென்டிமீட்டர் அடங்கும். மீட்டரோடு சேர்ந்து ‘சென்டி’ என்ற முன்னொட்டும் மும்மடியாகிறது.

லிட்டரில் அப்படியில்லை. மில்லிலிட்டர் என்பது லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கன மில்லிமீட்டரோ கன மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரே ‘மில்லி’ இரண்டு இடங்களில் இருவேறு விதமாக நடந்துகொள்வதால், 1 கன சென்டிமீட்டர் 1 மில்லிலிட்டர் என்பதையும், 1 கன மீட்டர் 1,000 லிட்டர் என்பதையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

உட்புற அளவு 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு நிலத்தடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 7.5 கன மீட்டர், அதாவது 7,500 லிட்டர். இதையே சென்டிமீட்டரில் போட்டு 75,00,000 என்று கண்டவர், ஆயிரத்தால் வகுப்பதற்குப் பதிலாக நூறால் வகுத்தால் 75,000 லிட்டர் என்ற விடை வரும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஆறு வந்து ஊற்றினாலும் அந்த அளவு நிறையாது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே பிழை பிடிபட்டுவிடும். சுவரின் கனத்தைக் கழிக்காமல் வெளிப்புற அளவைப் பெருக்குவதும் அடிக்கடி நடக்கிறது.

ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோகிராம் என்று கொள்வது தண்ணீருக்கு மட்டுமே ஏறக்குறையப் பொருந்தும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். 1901 முதல் 1964 வரை லிட்டரையே ஒரு கிலோகிராம் நீரின் கன அளவாகத்தான் வரையறுத்திருந்தார்கள். அது 1,000 கன சென்டிமீட்டரைவிடச் சற்றே கூடுதலாக இருந்ததால் பிறகு கைவிடப்பட்டது.

அலகுகளைக் கலந்து பெருக்குவது இன்னொரு தவறு. 4 மீட்டருக்கு 3 மீட்டர் தளத்துக்கு 150 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போட, 4 × 3 × 150 = 1,800 கன மீட்டர் என்று எழுதுவது அபத்தம்; தேவைப்படுவது 1.8 கன மீட்டர்தான். ஆயினும் அந்த 1,800 என்ற எண் லிட்டர் கணக்கில் சரியே, ஏனெனில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பது துல்லியமாக ஒரு லிட்டர். மழைநீர்க் கணக்கு இதனால்தான் எளிதாகிறது: 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் 2,500 லிட்டர்.