வாவிக்கரைப் பறவை ஆர்வலர்கள் சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி மழை ஓய்ந்து, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி, வாவி நீர் கடலுக்கு இறங்கியதும் மட்டக்களப்பில் கரையோரச் சேறு வெளியே தெரியும். வடக்கிலிருந்து வந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அந்தச் சேற்றில்தான் இரை தேடும். அந்த நாட்களில் வவுணதீவுப் பக்கம் கமராவோடு போகிறவர், பொழுதுபடுவதற்குள் குழுவில் படங்களைப் போட்டுவிடுவார். "இது என்ன குருவி அண்ணன்?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் பெயர் சொல்வார். கைதட்டல் சின்னங்கள் வந்து விழும். அடுத்த மாதம் அதே பறவையைப் பற்றி அதே கேள்வி வரும்போது, பழைய பதிலைத் தேடி எடுக்க ஒருவராலும் முடியாது.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பறவை பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதற்குச் சமூக ஊடகம் பெரிய காரணம். பறவைக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்; பறவைச் சங்கங்கள் கொழும்பில். களுவாஞ்சிகுடி மாணவி ஒருத்தியும், பொத்துவில் மீனவர் ஒருவரும், அக்கரைப்பற்று ஆசிரியர் ஒருவரும் ஒரே பறவையைப் பற்றித் தமிழில் பேசிக்கொள்ள பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தான் வழி திறந்தன. ஆகவே அவற்றை விட்டு வெளியேறச் சொல்வது என் நோக்கமல்ல. மாமாங்கத் திருவிழாவுக்குப் போனால் தெரிந்தவர் எல்லாரையும் பார்க்கலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தை அங்கே கொண்டுபோய் விரிக்கமாட்டோம். இந்தப் பொழுதுபோக்கின் கணக்குப் புத்தகத்தை நாம் சனக்கூட்டத்துக்குள் விரித்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

குழுவையே குறிப்புக் கொப்பியாக நினைப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். ஓர் உதாரணத்தோடு சொன்னால் விளங்கும்.

நம் கடற்கரையிலும் வாவி ஓரத்திலும் ஒரு சின்னப் பறவை உண்டு. மணல் நிறத்து முதுகு, வெள்ளை வயிறு. நாலு எட்டு ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். நெடுங்காலம் இதைக் கென்டிஷ் உப்புக்கொத்தி என்ற பரந்த இனத்தின் ஒரு பிரிவாகவே எண்ணிவந்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்பவை தனி இனம் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஹனுமான் உப்புக்கொத்தி என்று அதற்குப் பெயர் வந்தது.

இப்போது உங்கள் பழைய படங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை வருகிறது. படத்தில் இருப்பது எந்த இனம்? எந்த மாதம் எடுத்தது? குஞ்சோடு நின்றதா, பெரிய கூட்டத்துக்குள் நின்றதா? மணல் கரையா, வாவிச் சேறா? இவற்றை எழுதி வைத்தவர் பழைய பதிவைத் திருத்திக்கொள்ளலாம். குழுவில் போட்ட படத்தோடு திருப்திப்பட்டவரிடம் இருப்பது "அழகு" என்ற வரியும் சில சின்னங்களும்தான்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்துக்கு இரண்டு விதத்தில் சேதம் நடக்கிறது. அளவைச் சுருக்குவதால் இறகின் விளிம்பு, கால் நிறம், அலகின் நுனி போன்ற நுணுக்கங்கள் கலங்கிப்போகும். உப்புக்கொத்திகளையும் உள்ளான்களையும் பிரித்தறிய அவைதான் வேண்டும். அதோடு, எடுத்த திகதி, நேரம், கமரா விபரம் என்று படக்கோப்புக்குள் இருக்கும் தகவலும் நீங்கிவிடும். ஆறு மாதம் கழித்து அந்தப் படத்தை ஒருவர் தன் போனில் கண்டெடுத்தால், அவருக்குத் தெரிவது அது வந்து சேர்ந்த திகதி மட்டும். பெயர் கேட்டு அனுப்பும் படத்தை டொக்கியுமென்டாக அனுப்புங்கள்; மூலப்படம் அப்படியே போய்ச் சேரும். குழுவில் புதிதாகச் சேருகிறவருக்குப் பழைய பேச்சு பொதுவாகத் தெரியாது என்பதையும் மறக்கக்கூடாது. நேற்று நீங்கள் பொறுமையாக எழுதிய விளக்கம் நாளை வருகிறவருக்கு இல்லவே இல்லை.

தீர்வு பெரிய காரியம் அல்ல. பறவைப் பெயர், திகதி, நேரம், இடம், எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். வாவிக்காரர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: முகத்துவாரம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா. நீர் மட்டத்தைப் பொறுத்துத்தான் சேற்றுப் பறவைகள் வருவதும் போவதும் என்பதால், அந்த ஒரு சொல் பின்னாளில் மிகவும் உதவும். தமிழ்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதினால் தேடும்போது கைகொடுக்கும்.

எழுதும் இடம் வெறும் கொப்பியாகவும் இருக்கலாம், எக்செல் தாளாகவும் இருக்கலாம். பறவைப் பதிவுகளுக்காக 2002இல் தொடங்கிய ஈபேர்ட், எல்லா உயிரினப் பதிவுகளுக்குமாக 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இரண்டு இணையத்தளங்களும் இலவசம். ஈபேர்டில் வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் உங்களைத் தொடர்புகொண்டு ஆதாரம் கேட்பார். சிலருக்கு அது அவமானம் மாதிரிப் படுகிறது. உண்மையில் அது உங்கள் பதிவை ஒருவர் மதித்து வாசித்ததற்கு அடையாளம். குழுவில் கிடைக்கும் எத்தனை கைதட்டலைவிடவும் எனக்கு அது பெரிது.

"எங்க எடுத்த?" என்ற கேள்விக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்வது

கேட்கிறவர் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார். பதில் போய்ச் சேரும் இடங்கள் எல்லாம் நல்லவை அல்ல.

மணலில் முட்டையிடும் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் குச்சி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு பள்ளம். அதில் இரண்டு மூன்று முட்டை, மணல் நிறத்தில், கரும்புள்ளியோடு. இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மத்தியான மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த வெயிலில் தாயோ தகப்பனோ முட்டைமேல் நின்று நிழல் கொடுத்தபடி இருக்கும். ஆள் நெருங்கினால் எழுந்து ஓடும். சில வேளை இறகு முறிந்ததுபோல் இழுத்துக்காட்டி நம்மைத் திசைதிருப்பும். அந்த நடிப்பை வீடியோ எடுத்துப் போடுகிறவர்களுக்கு நிறையப் பார்வைகள் கிடைக்கின்றன. எடுத்து முடியும்வரை முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன, காகமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடத்தின் பெயரோடு ஒரு பதிவு போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே காட்சியை எடுக்க ஐந்தாறு பேர் அங்கே நிற்பார்கள். ஒருவரால் வந்த தொல்லையைத் தாங்கிய பறவை அத்தனை பேரைத் தாங்காது.

மரப்பொந்தில் இருக்கும் கிளிக்குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றைத் தேடுகிறவர்களும் பேஸ்புக் பார்க்கிறார்கள். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒரு சில நீங்கலாக இந்நாட்டுப் பறவைகளுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் சட்டம் வந்து சேருவதற்கு முன்னே ஸ்கிரீன்ஷொட் போய்ச் சேர்ந்துவிடும்.

கூடு, முட்டை, குஞ்சு இருக்கும் படத்தைப் பருவம் முடியும்வரை பொதுவில் போடாதீர்கள். அரிய பறவை என்றால் "மட்டக்களப்பு மாவட்டம்", "அம்பாறை மாவட்டம்" என்பதோடு நிறுத்துங்கள். லொக்கேஷன் போடாவிட்டாலும் பின்னணியில் கல்லடிப் பாலமோ, வெளிச்சவீடோ, கோயில் கோபுரமோ தெரிந்தால் ஊர்க்காரருக்கு அதுவே முகவரி. போடுவதற்கு முன் ஓரங்களை வெட்டிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் அருகிவரும் இனங்களின் சரியான இடத்தைத் தானாகவே மறைத்து, ஏறத்தாழ 22 கிலோமீற்றர் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். ஆய்வுக்கான சரியான இடம் உள்ளே பத்திரமாக இருக்கும். ஈபேர்டிலும் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய இனங்களுக்கு இப்படி ஏற்பாடு உண்டு. பேஸ்புக் பதிவில் இந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் விரல் நுனியில்.

குமண பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1938இலேயே பறவைகள் சரணாலயமான இடம் அது. மே முதல் ஜூலை வரை வில்லு எனப்படும் சதுப்புக் குளத்துக் காட்டில் நாரைகளும் கொக்குகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டும் காலம். அந்தப் படங்களை யாரும் போடலாம், இடம் உலகறிந்தது. ஆனால் "வண்டியை விட்டு இறங்கி இந்தப் பக்கமாகப் போனால் கிட்ட எடுக்கலாம்" என்று கீழே வழி சொல்கிற கொமண்டை அட்மின் உடனே நீக்க வேண்டும்.

லைக்கைச் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்வது

2018 ஜனவரியில் பேஸ்புக் நம் பக்கத்தில் பதிவுகள் வரும் ஒழுங்கை மாற்றியது. ஆட்களிடையே உரையாடலைத் தூண்டும் பதிவுகளுக்கு முன்னிடம் என்று அறிவித்தது. விளைவு, கூழைக்கடா பறக்கும் படமும் மீன்கொத்தி மீனோடு நிற்கும் படமும் மேலே வரும். சேற்றில் நிற்கும் பழுப்பு நிற உள்ளானைப் பற்றிய கேள்வி கீழே போகும். நாளடைவில் ஆட்களும் உள்ளானைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். படம் எடுக்கத் தோதான பறவையை மட்டும் தேடிப் போகிறார்கள். இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடப்பதால் நான் இதற்குத்தான் கூடுதலாகப் பயப்படுகிறேன்.

பிழையான பெயரும் இதே வழியில் ஊன்றிப்போகிறது. முதலில் சொன்னவரின் பதிலுக்கு லைக் சேர்ந்துவிட்டால், பிறகு வந்து சரியாகச் சொல்கிறவர் சண்டைக்கு வந்தவர்போல் தெரிவார்; பலர் வாயை மூடிக்கொள்வார்கள். பெயர் சொல்லும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று குழுவில் ஒரு விதி வைத்தால் பாதி சிக்கல் தீரும். "நெடுங்கால் உள்ளான், கால் இளஞ்சிவப்பு, அலகு கறுப்பு, நேராக இருக்கிறது" என்று எழுதினால், ஒப்புக்கொள்ளாதவரும் ஆளைப் பற்றிப் பேசாமல் அலகைப் பற்றிப் பேசலாம்.

ஒரே நிறுவனத்தை நம்பி எல்லாவற்றையும் வைப்பது

2017இல் போட்டோபக்கெட் என்ற படச்சேமிப்புத் தளம் தன் விதிகளை மாற்றியபோது, உலகெங்கும் பொழுதுபோக்குக் குழுக்கள் பல ஆண்டுகளாக அங்கே வைத்துக் காட்டிய படங்கள் ஒரேயடியாக மறைந்தன. ரயில் மாதிரிகள் செய்கிறவர், பழைய வாகனம் திருத்துகிறவர், தோட்டக்காரர் என்று எல்லாருடைய செய்முறை விளக்கங்களும் படமில்லாத வெறும் எழுத்தாய் நின்றன. யாகூ குழுக்களின் பழைய உள்ளடக்கம் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. ஓர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் போனது. பேஸ்புக் இன்னும் இருக்கிறது, ஆனால் 2025 பெப்ரவரியிலிருந்து அங்கே போடும் நேரலை வீடியோக்கள் 30 நாளுக்குத்தான். வாவியில் தோணியில் போனபடி நேரலை செய்கிறவர்கள் அன்றைக்கே அதைத் தரவிறக்கி வையுங்கள்.

நம் நாட்டில் இன்னொரு அனுபவமும் உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. குழுவில் உள்ளவர்களின் தொலைபேசி இலக்கமோ மின்னஞ்சலோ வேறெங்கும் இல்லையென்றால், அப்படியான நாட்களில் குழு என்பதே கிடையாது.

அட்மின் ஒருவர் மட்டும் இருப்பதும் இந்தத் தவறில்தான் சேரும். அவர் போன் தொலைந்தால், வெளிநாடு போனால், அல்லது கோபித்துக்கொண்டால் எல்லாம் அவரோடு போய்விடும். குறைந்தது மூவர் அட்மினாக இருக்கட்டும். பெயர்ப் பட்டியல், கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விகளுக்கான பதில்கள், நல்ல மூலப்படங்கள் மூன்றையும் கூகுள் டிரைவில் ஒரு போல்டராகவும், ஒருவரின் வீட்டுக் கணினியில் இன்னொரு பிரதியாகவும் வையுங்கள்.

புதியவரிடம் சிடுசிடுப்பது

"இதைத்தான் நூறு தரம் சொல்லியாச்சே, தேடிப் பாருங்க தம்பி." தேடிப் பார்க்க முடியாத இடத்தில் பதிலை வைத்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லை. மேலே சொன்ன போல்டரின் இணைப்பைக் குழுவின் விபரப் பகுதியில் போட்டு வைத்தால், கேட்கிறவருக்கு அதைக் காட்டலாம். காலை வணக்கப் படங்களுக்கும் வந்த செய்திகளை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புவதற்கும் வேறு குழு வையுங்கள்; இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனை பதிவும் எதற்கு உதவும் என்று கேட்கிறவர்களுக்கு: ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. நீர்நிலை ஒன்றை எடுத்து, அதில் எந்த இனம் எத்தனை என்று எண்ணுவதுதான் வேலை. பெரிய லென்ஸ் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். மட்டக்களப்பு வாவி மட்டுமே 56 கிலோமீற்றர் நீளம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரம், பொத்துவில் களப்பு என்று எண்ண ஆளில்லாத தண்ணீர் நிறைய இருக்கிறது. உங்கள் வட்ஸ்அப் குழுவை இதற்குப் பயன்படுத்துங்கள். டிசம்பர் கடைசிக்குள் யார் எந்தக் குளம், எந்தக் காலை என்று அதில் பேசி முடிவெடுத்து, எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதி, வீட்டுக்கு வந்து ஈபேர்டில் ஏற்றிவிட்டு, பிறகு படத்தைப் போடுங்கள்.