வைக்கோலில் இருந்து அசிட்டேட் உப்பு: சாணமும் சுண்ணாம்பும் வைத்து ஒரு செய்முறை

மியான்மரின் பெகுப் பக்கம் அறுவடை முடிந்ததும் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அதை இப்படிப் புகையாக விடுவது எனக்குத் தாங்கவில்லை.

மாட்டுச் சாணத்தில் ஒரு நுண்ணுயிர்க் கூட்டமே வாழ்கிறது. சில நாரைச் சர்க்கரையாக உடைக்கும். சில அந்தச் சர்க்கரையை அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றும். கடைசியில் வருபவை அமிலத்தையும் தின்று மீத்தேன் ஆக்கிவிடும். சாண எரிவாயுக் கலனில் நடப்பது இதுதான். நமக்கு வேண்டியது நடுவில் கிடைக்கும் அமிலம். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் அசிட்டேட் உப்பாகும். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோல்ட்சாப்பிள் குழு இதே வழியைப் பெரிய அளவில் வளர்த்தது.

முதலில் 1 கிலோ காய்ந்த வைக்கோலைச் சிறிதாக நறுக்கி, 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் 2 மணி நேரம் மெல்ல வேகவிடுங்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நன்றாக அலசுங்கள். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8க்குக் கீழே இறங்கியபின்தான் சாணம் சேர்க்க வேண்டும். இறங்காவிட்டால் கொஞ்சம் வினிகர் விடுங்கள்.

20 லிட்டர் டிரம்மில் வைக்கோல், அது மூழ்கும் அளவு தண்ணீர், 1 கிலோ புதுச் சாணம். வைக்கோல் தின்னும் மாட்டின் சாணமே நல்லது. மூடியில் ஒரு குழாய் செருகி, அதன் நுனியைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விடுங்கள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. ஹைட்ரஜனும் வரும் என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது.

பலர் தடுமாறும் இடம் பிஎச். 6க்குக் கீழே போனால் நாரை உடைப்பவை வேலையை நிறுத்திவிடும். 7ஐ நெருங்கினால் மீத்தேன் கூட்டம் தலைதூக்கும். 6 முதல் 6.3 வரை நிறுத்துங்கள். தினமும் பார்த்து, குறைந்தால் ஒரு கரண்டி சுண்ணாம்புக்கல் பொடி போடுங்கள். மலிவான பிஎச் மீட்டரை நான் நம்புவதில்லை, அளவு மெல்ல நழுவிக்கொண்டே போகும். 5 முதல் 7 வரை காட்டும் தாள்தான் என் தேர்வு. லிட்மஸ் தாள் போதாது.

நாலாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு சாற்றை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அசிட்டிக் அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்கும் உயிர்கள் மெதுவாகப் பெருகுபவை, அதனால் சாற்றோடு வெளியேறிவிடும். நாரை உடைப்பவை வைக்கோலிலேயே ஒட்டிக்கொண்டு தங்கும். சாணத்தைக் கொதிக்கவைத்து மீத்தேன் உயிர்களைக் கொல்லும் முறையும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, நாரை உடைப்பவற்றிலும் பல செத்துப்போகும்.

வடித்த சாற்றைத் துணியில் வடிகட்டி, வெளியில் அடுப்பு வைத்துச் சுண்டவைத்தால் கால்சியம் அசிட்டேட் கலந்த பழுப்பு உப்பு மிஞ்சும். இதைச் சூடாக்கி அசிட்டோன் என்ற கரைப்பானை எடுப்பது ஆலை வேலை. அந்த ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், வீட்டில் வேண்டாம்.

சேர்ப்பு: அழுகிய முட்டை நாற்றம் வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். சுண்ணாம்புக்கல் பொடிக்குப் பதில் அவர் போட்டது கரும்பலகைச் சாக்பீஸ். அது பெரும்பாலும் ஜிப்சம். பிஎச்சைத் தாங்காது, அதிலுள்ள சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அது விஷவாயு. பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் போடலாம். நாற்றம் வந்துவிட்டால் டிரம்மைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், முகத்தை விலக்கி வைத்துத் திறந்து, அந்தச் சாறு முழுவதையும் கொட்டிவிடுங்கள்.