போதையால் மறைந்த கலைஞருக்கு இரங்கல் எழுதும் முன்

2014 பிப்ரவரி 2ஆம் நாள், நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் இருந்த குடியிருப்பில் நடிகர் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் இறந்துகிடந்தார். அவருக்கு வயது 46. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை 2006இல் பெற்றவர். மூன்று குழந்தைகளின் தந்தை. செய்தி பரவியதும் ஒரு சாரார், இப்படியொரு நடிகரை இனி எங்கே காண்போம் என்று கலங்கினர். மறு சாரார், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹெராயின் எடுத்தவருக்கு எதற்கு இரங்கல் என்று கேட்டனர். ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் இறந்தபோதும் இதே இரு குரல்கள்தாம் எழுந்தன. 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரின் நடிகர் மேத்யூ பெர்ரி இறந்தபோதும் அப்படியே.

இத்தகைய மரணச் செய்தி வரும்போது நாமும் இரண்டு வரி எழுதுகிறோம், அல்லது சாப்பாட்டு நேரத்தில் வீட்டாரோடு பேசுகிறோம். அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. என் அடிப்படை ஒன்றே: இறந்தவர் நம் சொல்லைக் கேட்கப்போவதில்லை, ஆனால் அதே பழக்கத்தோடு யாருக்கும் தெரியாமல் போராடிக்கொண்டிருக்கும் ஒருவர் நம் குழுவிலோ, நம் வீட்டிலோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தாம் வாய்திறந்து உதவி கேட்டால் இவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை அவர் அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறார். எழுதும் ஒவ்வொரு வரியையும் அவர் காதால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முதலில் காத்திருங்கள்

இறப்பின் காரணத்தை நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. உடற்கூராய்வு ஓரிரு நாளில் முடிந்தாலும், இரத்தத்தில் என்ன இருந்தது என்று கண்டறியும் நச்சியல் பரிசோதனையின் முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் வெந்நீர்த் தொட்டியில் இறந்துகிடந்தார். கெட்டமைன் என்ற மயக்க மருந்தின் கடும் விளைவே காரணம் என்று டிசம்பர் 15 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏழு வாரங்களில் மாரடைப்பு என்றும் தடுப்பூசி என்றும் ஆளுக்கொரு காரணத்தைச் சொல்லி முடித்திருந்தனர். அவருக்குக் கெட்டமைன் கிடைக்கச் செய்ததாக 2024 ஆகஸ்டில் 5 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் இருவர் மருத்துவர்கள். அவராகத் தேடிக்கொண்ட முடிவு என்று முதல் நாளே எழுதியவர்கள், நோயாளியின் தவிப்பை வைத்துப் பணம் பார்த்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலை 23 அன்று லண்டனில் இறந்தபோது, போதை மருந்துதான் என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் அவர் உடலில் இல்லை. அவரைக் கொன்றது மது: 100 மில்லி இரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால், அதாவது அந்நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். கடையில் வாங்கக்கூடிய ஒன்றே கொன்றது என்ற செய்தி, முதல் வதந்தி போய்ச்சேர்ந்த தொலைவில் பாதிகூடப் போகவில்லை என்பதே என் எண்ணம்.

வதந்தி இறந்தவரோடு நிற்பதுமில்லை. ஹாஃப்மனின் உடலை முதலில் கண்டவர்களில் ஒருவரான நாடகாசிரிய நண்பரைப் பேட்டி கண்டதாக ஓர் அமெரிக்க வார இதழ் பொய்ச் செய்தி வெளியிட்டது. இருவருக்கும் இடையில் இல்லாத உறவையும் கற்பித்தது. நண்பர் வழக்குத் தொடுத்தார், இதழ் மன்னிப்புக் கேட்டது, சமரசத்தில் கிடைத்த தொகையைக் கொண்டு புதிய நாடகங்களுக்கு ஆண்டுதோறும் 45,000 டாலர் பரிசளிக்கும் அறக்கட்டளையை அவர் ஏற்படுத்தினார். எல்லோருக்கும் அப்படி வழக்காட முடிவதில்லை. ஆகவே முதல் நாளில் "இந்தச் செய்தி மிகுந்த வருத்தம் தருகிறது" என்பதற்கு மேல் எழுதாதீர்கள். அது குறைவான இரங்கல் ஆகாது.

சொற்களைப் பார்த்து எடுங்கள்

தமிழில் நமக்குப் பழகிப்போன சொல் "போதைக்கு அடிமை". நாளிதழ்களும் அதையே அச்சிடுகின்றன, கெட்ட எண்ணத்தோடு சொல்வதுமில்லை. ஆனாலும் அது ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. "போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்", "போதை நோயோடு போராடியவர்" என்று எழுதலாம். குடியிலிருந்து மீண்டவர்களும் அவர்களுக்குச் சிகிச்சை தருவோரும் நெடுங்காலமாகவே "குடிகாரர்" என்பதை விட்டுக் "குடிநோயாளி" என்று சொல்லி வருகிறார்கள். குடிகாரரைத் திட்டத்தான் தோன்றும். குடிநோயாளியை மருத்துவரிடம் அழைத்துப்போகத் தோன்றும்.

"அளவுக்கு மீறி எடுத்ததால் இறந்தார்" என்பது இன்னொரு வழக்கு. ஹாஃப்மனைப் போலவே போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவரான திரைக்கதை எழுத்தாளர் ஆரன் சார்கின், ஹாஃப்மன் இறந்தபோது இதை மறுத்து எழுதினார். அளவு மீறியதால் அவர் இறக்கவில்லை, ஹெராயினால் இறந்தார். அளவைச் சொன்னால், சரியான அளவு எடுத்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று பொருளாகிவிடும் என்பது அவர் வாதம். மருத்துவர் தம் அறிக்கையில் அளவைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் நாம் எழுதும் இரங்கலில் அதற்கு இடமில்லை.

அதேபோல் என்ன பொருள், எத்தனை பொட்டலம், எந்த முறையில், அறையில் என்ன கிடந்தது என்ற விவரங்களையும் அந்த அறையின் படங்களையும் பகிர வேண்டாம். விட்டுவிட முயன்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு அவை எச்சரிக்கையாக அமைவதைவிட நினைவூட்டலாகவே அமையக்கூடும்.

தீர்ப்புச் சொல்லத் தோன்றும்போது

"பணத் திமிர்", "ஆடிய ஆட்டம்", "வினை விதைத்தவன் வினை அறுப்பான்" ஆகிய மூன்றும் இத்தகைய செய்திகளின் கீழ்த் தவறாமல் வருபவை. இவற்றை எழுதுபவர் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். தம் வீட்டில் ஒருவரின் குடியால் சீரழிந்தவராகவும் இருக்கலாம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆகவே அவரோடு சண்டைக்குப் போகாமல், தெரிந்த உண்மையை அமைதியாகச் சொல்லுங்கள்.

எதைச் சொல்வது? ஹாஃப்மனின் வாழ்க்கையையே சொல்லலாம். கல்லூரி முடித்த கையோடு, 22 வயதில், அவர் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று எல்லாவற்றையும் விட்டார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடாமல் இருந்தார். உலகம் அறிந்த வேடங்களில் பெரும்பாலானவை அந்தத் தெளிந்த ஆண்டுகளில் வந்தவையே. பிறகு ஒரு சறுக்கல். 2013இல் தாமாகவே மீண்டும் சிகிச்சைக்குச் சென்றார். அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இறந்தார். மனவலிமை இல்லாதவர் என்று இவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது ஆண்டுகள் நாள்தோறும் ஒன்றை மறுத்து வாழ்வது எப்படிப்பட்ட உழைப்பு என்பது, காலைக் காப்பியை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தவர்களுக்கும் சிறிதளவாவது விளங்கும்.

இங்கே எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஹெராயின் போன்றவற்றைத் தொடர்ந்து எடுக்கும் உடல், நாளடைவில் கூடுதல் அளவைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. நிறுத்தியபின் சில வாரங்களிலேயே அந்தத் தாங்குதிறன் இறங்கிவிடும். ஆனால் மனத்தில் பதிந்திருப்பது பழைய அளவு. சறுக்கும்போது கை அதையே எடுக்கிறது. அது மூச்சை நிறுத்திவிடுகிறது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை என்பது இதனால்தான். "திருந்தி வந்தும் புத்தி வரவில்லை" என்று சொல்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தாமாகத் தேர்ந்தெடுத்த சாவு என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. 2016 ஏப்ரல் 21 அன்று மினசோட்டாவில் இறந்த பாடகர் பிரின்ஸ், வலி மாத்திரை என்று நம்பி விழுங்கியது, ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலி மருந்து கலந்த போலி மாத்திரை. அதில் அந்த மருந்து இருந்தது அவருக்குத் தெரிந்திருந்ததாக எந்தச் சான்றும் இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2018இல் அறிவித்தார்.

புகழ்வதிலும் கவனம் வேண்டும்

திட்டுவதைப் போலவே, சாவை அழகாக்குவதும் தீங்கு செய்யும். வைன்ஹவுஸ் 27 வயதில் இறந்ததும், அந்த வயதில் இறந்த இசைக்கலைஞர்களான ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜேனிஸ் ஜோப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபேன் ஆகியோரோடு அவரைச் சேர்த்து, மேதைகளுக்கென்று விதிக்கப்பட்ட வயது அதுதான் என்பதுபோல் எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1956 முதல் 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த இசைத்தொகுப்புகளைத் தந்த 1,046 இசைக்கலைஞர்களை எடுத்துப் பார்த்ததில், 27 வயதில் இறப்பு தனியாக உயரவில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் பொதுவாகவே மற்ற மக்களைவிட அவர்கள் கூடுதலாக இறந்தனர். விதி என்று எழுதும்போது, காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

லண்டன் காம்டனில் வைன்ஹவுஸின் வீட்டுக்கு முன் ரசிகர்கள் பூக்களோடு மது பாட்டில்களையும் வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். அன்பினால் செய்ததுதான். ஆயினும் எது அவரைக் கொன்றதோ அதையே படையலாக்கிய அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய பெற்றோர் அந்தப் பாட்டில்களைக் கடந்துதான் நடந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதைச் சொல்லி நினைவுகூர்வது? அவர் செய்த வேலையைச் சொல்லுங்கள். எந்தக் காட்சி உங்களை உலுக்கியது, எந்தப் பாட்டு உங்களுக்குத் துணையிருந்தது என்று குறிப்பாக எழுதுங்கள். ஹாஃப்மனுக்காக நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் 2014 பிப்ரவரி 5 அன்று மாலை தம் முகப்பு விளக்குகளை ஒரு நிமிடம் மங்கவைத்தன. அதில் எந்தத் தீர்ப்பும் இல்லை. இறந்தவரே விருப்பம் தெரிவித்திருந்தால் அதை மதியுங்கள். தாம் இறந்தபின் மக்கள் தம் தொலைக்காட்சித் தொடரை முதலில் சொல்லாமல், பிறர் குடியைக் கைவிடத் தாம் உதவியதை முதலில் சொல்ல வேண்டும் என்று பெர்ரி 2022இல் கூறியிருந்தார். அவருக்கு எழுதிய இரங்கல்களில் பெரும்பாலானவை தொடரிலிருந்தே தொடங்கின.

எழுதிய பிறகு

இரங்கலின் முடிவில் உதவிக்கான வழியைச் சேர்ப்பது நல்ல வழக்கம். இந்தியாவில் போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே 1980இல் தொடங்கிய அறக்கட்டளையின் மருத்துவமனை அது. குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுக்களும், அவர்தம் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுக்களும் தமிழ்நாட்டில் கூடுகின்றன. குடும்பத்தாருக்கும் உதவி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ பழக்கத்தை விட்டு வாழும் ஒருவர் இருந்தால், இத்தகைய செய்தி வந்த நாளில் அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்தவரே விழுந்தார் என்றால் தாம் எம்மாத்திரம் என்ற அச்சம் அவரைப் பிடித்திருக்கும். "பார்த்தீர்களா, ஜாக்கிரதை" என்று தொடங்காதீர்கள். "அண்ணா, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்; சறுக்கியதாகச் சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல், யாரிடம் சிகிச்சை பெற்றார் என்று கேட்டு, மறுநாளே அங்கே உடன்வருவதாகச் சொல்லுங்கள். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாரானால், இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிடுங்கள்.