நாமே எழுதிய கட்டளைக்கு டேப் நிரப்பலைச் சேர்ப்பது எப்படி?

கிட் (git) போன்ற கருவிகளைப் பயன்படுத்தும்போது, சொல்லின் பாதியை எழுதி டேப் விசையை அழுத்தினால் மீதி தானாக வந்துவிடுகிறது. நாமே எழுதிய ஸ்கிரிப்டிலோ அதே விசைக்குக் கோப்புப் பெயர்கள்தாம் வருகின்றன. டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் பாஷ் ஷெல் நம் ஸ்கிரிப்டைத் திறந்து படித்துப் பார்ப்பதில்லை; அதில் என்னென்ன ஆப்ஷன்கள் உண்டு என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கான வசதி 2000ஆம் ஆண்டில் வந்த பாஷ் 2.04 முதலே இருக்கிறது. பத்து வரிக்குள் வேலை முடிந்துவிடும்.

உரைக்கோப்பு ஒன்றை மின்னூலாக மாற்றும் ‘நூல்’ என்ற ஸ்கிரிப்ட் உங்களிடம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு --ஃபார்மட், --ஃபான்ட், --அவுட்புட், --ஹெல்ப் என நான்கு ஆப்ஷன்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஒற்றை எழுத்து ஆப்ஷன்களில் டபிள்யூவும் எஃப்பும் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து.

முதல் படியாக, டெர்மினலில் இந்த ஒரு வரியை இயக்குங்கள்:

காம்ப்ளீட் -டபிள்யூ "--ஃபார்மட் --ஃபான்ட் --அவுட்புட் --ஹெல்ப்" நூல்

இனி ‘நூல்’ என எழுதி, இடைவெளி விட்டு, இரண்டு கோடுகளையும் எஃப் எழுத்தையும் தட்டி டேப் அழுத்தினால், ஃபார்மட், ஃபான்ட் இரண்டுக்கும் பொதுவான எஃப், ஓ என்ற எழுத்துகள் வரை நிரம்பி நிற்கும். மேலும் இருமுறை அழுத்தினால் இரண்டு ஆப்ஷன்களும் பட்டியலாகத் தெரியும். ஆனால் இந்த எளிய வழியில் ஒரு பெரிய குறை உண்டு. எங்கே அழுத்தினாலும் அதே நான்கு சொற்கள்தாம் வரும். மாற்ற வேண்டிய கோப்பின் பெயரைக்கூட நிரப்ப முடியாது. ஆகவே ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) தேவைப்படுகிறது.

செயற்கூறு எழுதுவது என்றதும் தயங்க வேண்டியதில்லை. டேப் அழுத்தும்போது பாஷ் அந்தச் செயற்கூற்றை அழைத்து மூன்று சொற்களைக் கொடுக்கிறது: $1 என்பது கட்டளையின் பெயர், $2 என்பது இப்போது எழுதிக்கொண்டிருக்கும் சொல், $3 என்பது அதற்கு முந்தைய சொல். நாம் காம்ப்ரிப்ளை (COMPREPLY என முழுவதும் பெரிய எழுத்தில் தட்டுங்கள்) என்ற அணியில் (அர்ரே) விடைகளை இட்டுத் திரும்பினால் போதும். கொடுத்த சொற்களில் பொருந்துவனவற்றைத் தேர்ந்து தருவது காம்ப்ஜென் (compgen) என்ற கட்டளை. திரையில் காட்டுவதையும் நிரப்புவதையும் பாஷ் பார்த்துக்கொள்ளும்.

_நூல்() {
  காம்ப்ரிப்ளை=()
  இஃப் [[ $3 == --ஃபார்மட் ]]; தென்
    காம்ப்ரிப்ளை=( $(காம்ப்ஜென் -டபிள்யூ "பிடிஎஃப் ஈபப் எச்டிஎம்எல்" -- "$2") )
  எலிஃப் [[ $2 == -* ]]; தென்
    காம்ப்ரிப்ளை=( $(காம்ப்ஜென் -டபிள்யூ "--ஃபார்மட் --ஃபான்ட் --அவுட்புட் --ஹெல்ப்" -- "$2") )
  ஃபை
}
காம்ப்ளீட் -ஓ டிஃபால்ட் -எஃப் _நூல் நூல்

முந்தைய சொல் --ஃபார்மட் என்றால் மூன்று வடிவங்களையும், எழுதும் சொல் கோட்டில் தொடங்கினால் ஆப்ஷன்களையும் தருகிறோம். இரண்டும் இல்லையென்றால் அணி காலியாகவே இருக்கும். அப்போது ‘-ஓ டிஃபால்ட்’ என்று கடைசி வரியில் சொல்லியிருப்பதால் பாஷ் வழக்கம்போல் கோப்புப் பெயர்களைத் தேடும். --அவுட்புட்டுக்குப் பின் வருவது கோப்புப் பெயர் என்பதால் அதற்கெனத் தனிக் கிளை எழுதவில்லை.

காம்ப்ஜென் வரியில் "$2"க்கு முன்னால் தனியாக நிற்கும் இரட்டைக் கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘என் ஆப்ஷன்கள் முடிந்தன, இனி வருவது தேட வேண்டிய சொல்’ என்று காம்ப்ஜென்னுக்குச் சொல்வது அதுதான். அது இல்லாவிட்டால், பயனர் எழுதிய --ஃபா என்பதைக் காம்ப்ஜென் தன்னுடைய ஆப்ஷனாக எடுத்துக்கொண்டு, அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை என்ற பிழைச் செய்தியை, தட்டிக்கொண்டிருக்கும் வரியின் நடுவிலேயே கொட்டிவிடும். எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதால், புதிதாகப் பழகுபவருக்குப் பிழை எங்கே என்றே பிடிபடாது. சந்தேகம் வந்தால் காம்ப்ஜென் வரியைத் தனியே டெர்மினலில் இயக்கிப் பாருங்கள். விடைகள் வரிக்கு ஒன்றாக வரும்.

சமக்குறியையும் கவனியுங்கள். பாஷ் அதைச் சொற்பிரிப்புக் குறியாகக் கொள்வதால், --ஃபார்மட்=பிடிஎஃப் என்று ஒட்டி எழுதும் முறைக்கு மேலே உள்ள செயற்கூறு உதவாது; இடைவெளி விட்டு எழுதும் முறைக்கே உதவும். தொடக்கத்தில் இதுவே போதும் என்பது என் கருத்து.

இதுவரை செய்தது டெர்மினலை மூடினால் மறைந்துவிடும். நிலையாக வைத்திருக்க, உங்கள் கணினியில் பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு நிறுவப்பட்டிருந்தால், ~/.லோக்கல்/ஷேர்/பாஷ்-கம்ப்ளீஷன்/கம்ப்ளீஷன்ஸ் என்ற அடைவில், கட்டளையின் பெயரையே கோப்பின் பெயராக வைத்து மேற்கண்ட வரிகளைச் சேமியுங்கள். அந்தக் கட்டளைக்கு முதன்முறை டேப் அழுத்தும்போதுதான் கோப்பு படிக்கப்படும் என்பதால், எத்தனை கருவிகளுக்கு எழுதி வைத்தாலும் டெர்மினல் திறக்கும் வேகம் குறையாது. தொகுப்பு இல்லாதவர்கள், டெர்மினல் திறக்கும்போது பாஷ் படிக்கும் .பாஷ்ஆர்சி கோப்பின் இறுதியில் அதே வரிகளைச் சேர்க்கலாம்.

புதிய டெர்மினல் ஒன்றைத் திறந்து, ‘நூல்’ என எழுதி, இடைவெளி விட்டு ஒருமுறை டேப் அழுத்திய பின், அந்த வரியை அழித்துவிட்டு, ‘காம்ப்ளீட் -பி நூல்’ என்று இயக்குங்கள். நாம் எழுதிய கடைசி வரி திரையில் வந்தால் பதிவாகிவிட்டது; அதற்குப் பதிலாக வேறு ஏதாவது வந்தால், கோப்பின் பெயரும் கட்டளையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.